சுக்கான் எந்தக் கைப் பக்கம்?

நிக்டி, புனே
9 ஜூன் 2024

ரமாவுக்கு,

உன் அண்ணன் இடது கையால் எழுதுவது. கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கோபமாக இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டாயாம். பேசினால் யாருக்குப் புரிகிறது? பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கை தொங்குகிறது, நாக்கு பாதி தூங்குகிறது. நான் ஏதாவது சொன்னால் எதிரில் இருப்பவர் "சரி, சரி" என்கிறார். எதற்குச் சரி என்று அவருக்கே தெரியாது. பிசியோதெரபிக்கு வரும் மராத்திப் பெண் தினமும் ஒரு பக்கம் இடது கையால் எழுதச் சொல்கிறாள். சாமி பேரை எழுதி நோட்டை நிரப்ப எனக்குப் பொறுமையில்லை. அதனால் நீ மாட்டினாய்.

விஷயம் இதுதான். கோந்த்வாவில் இருக்கும் என் பெண் சஹானாவும் மாப்பிள்ளை அனிருத்தும் நண்பர்களோடு சேர்ந்து பவனா ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வந்தால் எங்களையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். அங்கே எல்லாரும் தண்ணீரில் இறங்குவார்கள், நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். தாபோடி ராணுவப் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருஷம் சிப்பாய்களுக்குப் படகு விடக் கற்றுக்கொடுத்தவன் கரையில் எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருக்கிறேன்.

இப்போது குடும்பத்துக்குக் கயாக் என்கிற சின்னப் படகு ஒன்று வாங்கப்போகிறார்களாம். துடுப்புப் போடாமல் சைக்கிள்போலக் காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் இருக்கிறது. கால் எனக்கு இருக்கிறது. ஒருவர் மட்டும் உட்காருகிற கயாக்காக வாங்க வேண்டும், அதில் நான் தனியாகப் போக வேண்டும். நீ நெட்டில் தேடிச் சொல். முக்கியமாக ஒன்றைப் பார்: படகைத் திருப்புகிற சுக்கான் எந்தக் கைப் பக்கம்? வலது பக்கம் வைத்திருந்தால் எனக்கு அது வெறும் மிதக்கும் கட்டை.

உடனே பதில் போடு.
ரவிசந்திரன்


சிங்காநல்லூர், கோவை
19 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, அதற்கும் வேறு போக்கிடம் இல்லை. கோபப்படும் அளவுக்கு உங்களுக்கு உடம்பு தேறியதில் சந்தோஷம்.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் டெண்டர் படித்த கண் இது, கயாக் விளம்பரம் எம்மாத்திரம்? ஐந்தாறு நாளாக அதுதான் வேலை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பெடலை மாற்றி மாற்றி முன்னால் தள்ள வேண்டும், அடியில் மீன் செதில்போல இரண்டு தகடு அசையும். இன்னொன்று சைக்கிள்போல வட்டமாக மிதிப்பது, அடியில் காற்றாடி சுற்றும். முதல் வகை ஆழமில்லாத இடத்திலும் போகும், பாசியில் அதிகம் சிக்காது. ஆனால் பின்னால் வர வேண்டுமென்றால் கையால் ஒரு கயிற்றை இழுத்து மாற்ற வேண்டும். இரண்டாவது வகையில் காலைப் பின்னோக்கி மிதித்தாலே போதும், படகு பின்னால் வரும். உங்களுக்கு இருக்கும் ஒரு கை சுக்கானுக்கே வேண்டும், அதனால் காற்றாடி வகைதான் சரி. வலது கால் நழுவாமலிருக்கப் பெடலில் பட்டை கட்டிக்கொள்ளலாம்.

அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. சுக்கான் பிடி பெரும்பாலும் இடது பக்கம்தான் வருகிறது, ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். கடைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். உட்காராமல் செருப்புகூட வாங்கக்கூடாது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை,
ரமா


நிக்டி
1 ஜூலை 2024

ரமாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. நீ காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

நீ சொன்னபடி கடைக்குப் போனோம். நான், உன் அண்ணி கோதை, சஹானா, மாப்பிள்ளை. அங்கே நின்ற ஆள் என்னை ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் கோதையிடம். "அங்கிள் கோ பைட்னா ஹை க்யா?" என்று கேட்கிறான். அங்கிள் அவன் முன்னாலேயே நிற்கிறேன். உட்கார வேண்டுமா என்று என்னைக் கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

நானே போய் ஒரு கயாக்கில் உட்கார்ந்தேன். ஒருவருக்கானது, நீ சொன்ன அகலம், இடது பக்கம் சுக்கான் பிடி. பிடியை நகர்த்தினேன், பின்னால் சுக்கான் திரும்பியது. இரண்டு வருஷத்தில் நான் சொல்லி ஒரு பொருள் உடனே கேட்டது அன்றைக்குத்தான்.

"இதுதான்" என்றேன். மாப்பிள்ளை "சரி மாமா, சரி மாமா" என்றார். கோதை என் கையைப் பிடித்து எழுப்பி, "வீட்டுக்குப் போய் யோசிக்கலாங்க" என்றாள். எழுந்துகொள்ள எனக்குத் தெரியும். கடைக்காரன் முன்னால் என்னை எழுப்பியதை நான் மறக்கப்போவதில்லை.

நீ சொன்னால் இவர்கள் கேட்பார்கள். அந்த ஒருவர் கயாக்தான் சரி என்று சஹானாவுக்கு எழுது. எனக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் வேண்டாம், ஒரு மணி நேரம் யாரும் என் கையைப் பிடிக்காத இடம் வேண்டும்.

ரவிசந்திரன்


நிக்டி
4 ஜூலை 2024

அன்புள்ள ரமா,

நலமாக இருக்கிறாயா? உன் அண்ணன் உனக்கு எழுதுவது எனக்குத் தெரியும். தபால்பெட்டியில் போடுவதே நான்தான். பிரித்துப் படிக்கவில்லை, படிக்காமலே என்ன எழுதியிருப்பார் என்று தெரியும்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரிய வேண்டாம். தயவுசெய்து இரண்டு பேர் உட்காரும் கயாக்கே நல்லது என்று நீ அவருக்கு எழுத வேண்டும். நானோ சஹானாவோ சொன்னால் எரிந்து விழுவார். நீ சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புவார். பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டால் எனக்கு உயிர் நிற்கும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் குளியலறையில் விழுந்த அன்று நான் ஆகுர்டி மண்டிக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். காய் வாங்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. வழியில் பழைய குவார்ட்டர்ஸ் ஷீலாவைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்று பேசினேன். திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கை பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் இதுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

இன்னொரு முறை அவரைத் தனியாக விட என்னால் முடியாது. அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
கோதை


கோவை
29 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வைரல் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நீங்கள் நனையாமல் இருங்கள்.

நன்றாக விசாரித்துப் பார்த்ததில் இரண்டு பேர் கயாக்கே மேல் என்று தோன்றுகிறது. நீளம் அதிகம் என்பதால் நேராக ஓடும், காற்றுக்கு அலையாது. ஏரியில் மதியத்துக்கு மேல் காற்று எழும் என்று நீங்களே சொல்வீர்கள். ஒருவர் கயாக் வாங்கினால் மற்றவர்கள் கரையில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும், குடும்பத்துக்கு என்று வாங்குவதில் அர்த்தமில்லை. எடை கொஞ்சம் அதிகம், அறுபது கிலோ வரும். அதற்குச் சக்கரம் வைத்த வண்டி கிடைக்கிறது.

சுக்கானைப் பற்றிக் கேட்டீர்களே, அதையும் பார்த்தேன். இடது கைப் பக்கம்தான்.

மாடல் விவரத்தைச் சஹானாவுக்கு அனுப்பிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரமா


நிக்டி
7 ஆகஸ்ட் 2024

ரமாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி குடி, மாத்திரையை விழுங்கிவிட்டுத் தோசை சுடாதே.

நான் சைக்கிள் கேட்டால் நீ பஸ் வாங்கித் தருகிறாய். பிடிக்கவில்லை. இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். ஆனால் பட்டாளத்தில் சாமானைச் சோதித்துப் பார்த்தவன் சொல்வதைக் கேட்பதுதான் பழக்கம். இந்தக் குடும்பத்தில் என்னை மனுஷனாக நினைத்துப் பதில் சொல்கிறவள் நீ ஒருத்தி. இடது பக்கம் என்று சொல்லிவிட்டாய், போதும். வாங்கச் சொல்லிவிட்டேன்.

மழை விட்டதும் ஏரியில் இறங்குவேன்.

ரவிசந்திரன்


நிக்டி
21 அக்டோபர் 2024

ரமா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று கயாக்கைத் தண்ணீரில் இறக்கினோம். மாப்பிள்ளை என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தார், லைஃப் ஜாக்கெட்டை அவரே பூட்டினார். பின்னால் அவர். நான் மிதித்தேன், படகு நகர்ந்தது. இடது பக்கம் கை வைத்தால் பிடியைக் காணோம். வலது பக்கமும் இல்லை. பிளாஸ்டிக்கைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். என்ன தேடுகிறேன் என்று மாப்பிள்ளைக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"ரூடர் பீச்சே, பின் சீட்ல மட்டும்தான் மாமா. நான் பார்த்துக்கறேன், நீங்க ஆராமா பெடல் பண்ணுங்க."

ஆராமாகவாம், நிம்மதியாகவாம். கரையில் இருந்த செக்கு மாட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் மிதிக்க மிதிக்க அவர் இஷ்டத்துக்குத் திருப்பினார். ஏரி நடுவில் இருக்கும் தீவுப் பக்கம் போகலாம் என்று கையைக் காட்டினேன். "சரி மாமா" என்று கரைக்குத் திருப்பினார். திரும்பி வந்ததும் சஹானா கைதட்டினாள். என் பெண், நான் ஏதோ நர்சரிப் பள்ளியில் பாட்டுப் பாடினதுபோலக் கைதட்டினாள்.

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "அத்தையும் ரமா அத்தையும் பேசி வெச்சதுதானே மாமா, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கோதை உள்ளே போய்விட்டாள்.

இடது கைப் பக்கம் என்று எழுதினாய். பொய் இல்லை. பின் இருக்கைக்கு இடது பக்கம். அந்த வரியை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது நின்றதா? கடைக்காரன் என்னிடம் பேசவில்லை, அவன் யாரோ. நீ என்னிடம் பேசிக்கொண்டே ஏமாற்றினாய்.

இனி எழுதாதே.

ரவிசந்திரன்


கோவை
2 நவம்பர் 2024

அண்ணா,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். தீபாவளிக்கு யாருமே போன் செய்யவில்லை. இங்கே நான் நலம், அங்கே நீங்கள் எப்படியோ.

கை நின்றது. ஒரு நாள் முழுக்க நின்றது. பிறகு எழுதினேன். நான் செய்தது தப்பு, அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டமாட்டேன். முப்பது வருஷம் அடுத்தவன் டெண்டரில் எதை மறைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்தவள், அதே வித்தையை உங்களிடம் காட்டினேன்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. தண்ணீரில் போகிறவனுக்கு மட்டும்தான் உயிர் இருக்கிறதா? கரையில் நிற்பவளுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? எனக்கு இத்தனை பக்கம் எழுதினீர்கள். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒரு வரி இல்லை. தபாலில் சேர்ப்பது மட்டும் அவள்.

அவள் ஏன் பயப்படுகிறாள் என்று நான் சொல்லக்கூடாது. நீங்கள் கேளுங்கள்.

ரமா


நிக்டி
9 டிசம்பர் 2024

ரமாவுக்கு,

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. குளிர் வந்துவிட்டது, முழங்காலை மூடிப் படு.

நேற்று காலை ஆறே முக்காலுக்கு, ஏரிக்கரை வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, நான் தனியாகத் தண்ணீரில் போனேன். உங்கள் இரண்டு பேர் கயாக்கில்தான். வாட்ச்மேன் நாம்தேவுக்கு என் பேச்சு புரியவில்லை, மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டார். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை முன் இருக்கையில் வைத்துப் பெல்ட்டால் கட்டினோம். பின்னால் மட்டும் ஆள் உட்கார்ந்தால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், திரும்பாது. எதைக் கொடுத்தாலும் அதை வைத்துப் பாலம் போடு என்று சொல்லித்தான் பட்டாளத்தில் எங்களை வளர்த்தார்கள்.

பின் இருக்கை. இடது கையில் சுக்கான். தீவுக்குப் போனேன், சுற்றினேன். ஒரு இடத்தில் பாசி சிக்கிக் காற்றாடி நின்றது. பின்னோக்கி மிதித்து விடுவித்துக்கொண்டேன். சத்தம் போட்டுப் பேசிப் பார்த்தேன், பழைய ஆணைகள் எல்லாம். கேட்டு முகம் சுளிக்க ஒருவரும் இல்லை. ரமா, நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

எட்டே காலுக்குத் திரும்பினேன். கோதை கரையில் நின்றிருந்தாள். துண்டைக் கொடுத்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நல்லதாயிற்று.

ரவிசந்திரன்


நிக்டி, முன் அறை
13 டிசம்பர் 2024

உங்களுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம். நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டீர்கள், சாப்பிட்டீர்கள், அதனால் நலமா என்று கேட்கவில்லை. பேசினால் நீங்கள் சொல்ல வருவதை நானே பாதியில் முடித்துவிடுகிறேன் என்று உங்களுக்கு எரிச்சல். எழுதினால் முழுவதும் படிப்பீர்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுந்தேன். உங்கள் கட்டில் காலி. முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்தேன். அந்தக் கதவைத் திறப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு கரைக்கு ஓடினேன். கயாக் இல்லை. நாம்தேவ் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் காட்டினார். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே நின்றேன். சஹானாவை எழுப்பவில்லை. எழுப்பினால் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள், உங்களுக்கு அவமானமாகும் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். அந்த யோசனைமேல்தான் எனக்கு இப்போது அதிகக் கோபம்.

தாபோடியில் இருந்தபோது படகுத் துறையில் ஒரு நோட்டு வைத்திருந்தீர்கள். யார் போகிறார்கள், எத்தனை மணிக்கு, எப்போது திரும்புவார்கள் என்று எழுதாமல் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. எழுதாமல் போன ஒரு ஹவில்தாரை மூன்று நாள் படகைத் தொடவிடவில்லை. கரையில் இருப்பவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள். அந்த மனுஷர் என்னிடம் ஒரு வரி எழுதி வைக்காமல் போனார். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்பீர்கள். ஆமாம், சொல்லியிருப்பேன். அப்போதும் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் விழுந்த அன்று நான் மண்டியில் காய் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. ஷீலாவோடு ஒரு மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் கை போனது அதனால்தான். இரண்டு வருஷமாக நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கோதை


நிக்டி, பின் அறை
2 ஜனவரி 2025

கோதைக்கு,

உன் கடிதத்தைப் படித்து இருபது நாள் ஆகிறது. ஏழு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நேற்று உனக்கு இருமல் கேட்டது, பனங்கற்கண்டு மேல் தட்டில் இருக்கிறது.

ஷீலா விஷயம் எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் வந்து சொல்லி அழுதாள். தெரிந்தும் நான் பேசவில்லை. நாக்கு வரவில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆறு மாதமாக ரமாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அந்தக் கை எங்கே இருந்தது? இதே வீட்டில்தான் இருந்தது. உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வருஷம் உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நீ என் சட்டைக்குப் பட்டன் போடும்போதெல்லாம் இருந்தது. பிறகு போய்விட்டது. போய்விட்டதை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது அயோக்கியத்தனம். வழியில் தெரிந்தவளைப் பார்த்தால் மனுஷர் நின்று பேசத்தான் செய்வார்கள். அது உன் தப்பில்லை.

எழுதாமல் போனது தப்பு. அந்த ஹவில்தாருக்குக் கொடுத்த தண்டனையை நானே எடுத்துக்கொண்டேன். மூன்று நாளுக்குப் பதில் மூன்று ஞாயிறு படகைத் தொடவில்லை, நீ கவனித்தாயா தெரியாது. ஆனால் தனியாகப் போனது தப்பில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன், இனியும் போவேன்.

வரும் ஞாயிறு, ஜனவரி ஐந்து. போகும் நேரம் காலை ஏழு. திரும்பும் நேரம் எட்டு. ஆள் ஒருவர். கரையில் இருப்பவளுக்குத் தெரிவிக்கிறேன்.

ரவிசந்திரன்


சமையலறை
3 ஜனவரி 2025

உங்களுக்கு,

இருமல் தேவலை. மூன்று ஞாயிறும் கவனித்தேன்.

எட்டு மணி வேண்டாம், ஏழே முக்கால். லைஃப் ஜாக்கெட் பட்டை நான்கையும் நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள், நான் கிட்டே வரமாட்டேன். ஆனால் ஏழே முக்காலுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் நாம்தேவைக் கூப்பிடமாட்டேன், மாப்பிள்ளையையும் எழுப்பமாட்டேன். நானே தண்ணீரில் இறங்கி வருவேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

கோதை